சூடாகாத வண்டி

முகத்துக்கு நேரே அண்ணே, முதுகுக்குப் பின்னால் ஆறட்டும். மணல் திடலை ஒட்டிய பட்டறையில் நாலு சக்கரப் பந்தய பைக்குகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு இப்படி இரண்டு பெயர். கொதிக்கும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பறப்பவர்களிடம் "ஆறட்டும்" என்பதுதான் அவருடைய ஒரே பதில். ஒருமுறை சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முன்னங்கையை வேகவைத்துக்கொண்டவர். அதற்குப் பிறகு எதிலும் அவசரம் கிடையாது. கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அக்காவுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. ஆற ஆற நாற்பதைத் தாண்டிவிட்டார்.

அக்கா பட்டறையின் முன்பக்கம் உதிரிபாகம் விற்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிடக் கூர்மை. திடலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்ணின் நீல வண்டி மட்டும் ஏன் அடிக்கடி சூடாகிறது என்று அவள் யோசிக்க ஆரம்பித்து வெகுநாள் ஆகிறது.

இந்த வண்டிகளைப் பராமரிப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. சீட்டைத் தூக்கினால் ஏர் ஃபில்டர், குனிந்தால் ஆயில் மூடி, எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டர் மட்டும் முன்னால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். சக்கரம் வாரி இறைக்கிற சேறெல்லாம் அதன் மெல்லிய தகடுகளுக்குள் போய் அடையும். முன்பக்கம் தண்ணீர் அடித்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், சேறு இன்னும் உள்ளே போய் இறுகி வண்டியைக் கொதிக்கவைக்கும். விசிறியைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். எல்லா வண்டிக்கும் அவர் அப்படித்தான் செய்தார். நீல வண்டிக்கு மட்டும் முன்பக்கம்.

மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாவம். வண்டி ஆறும்வரை அவள் எதிரே கிடக்கும் பழைய டயரின் மேல் உட்கார்ந்திருப்பாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அமுக்கிய கதைகளைச் சொல்லிச் சிரிப்பாள். அவர் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்துக்கொண்டு கேட்பார். அவள் போன பிறகு வேறு யாரையும் அந்த டயரில் உட்கார விடமாட்டார், கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று புளுகுவார். அவள் வராத நாட்களில் கை வேலையில் இருக்கும், கண் திடலுக்குப் போகும் பாதையில் இருக்கும். அப்படி ஏங்கினார்.

"ஊரே உன்னை அண்ணேன்னு கூப்பிடுது. அவ மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல, கவனிச்சியா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

கவனித்திருந்தார். அதை வைத்துத்தான் அவருக்குப் பொழுது ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் அவள் ஆவி பறக்கும் வண்டியோடு ஒரு சேதியையும் கொண்டுவந்தாள். நெடுந்தூரப் பந்தயம் ஒன்று வருகிறதாம். நன்றாக ஓட்டி முடித்தால் வெளியூர் அணி ஒன்று அவளைச் சேர்த்துக்கொள்ளுமாம். நடுவழியில் வண்டி கொதித்து நின்றால் தன் கதை அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனாள்.

அவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை. வண்டியைச் சரிசெய்தால் அவள் போய்விடுவாள். செய்யாவிட்டால் இங்கேயே இருப்பாள், முகம் தொங்கிப்போய். அக்கா தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் வைத்தாள்.

"மனசுல இருக்கறதைச் சொல்லத் துப்பில்ல. அதுக்காக அந்தப் பொண்ணு வண்டியைப் போட்டு வதைக்கிறியே, நல்லாவா இருக்கு?"

அவர் எழுந்துபோய் விசிறியைக் கழற்றினார். பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டதும் சேறு கட்டி கட்டியாக முன்னால் வந்து விழுந்தது. அத்தனையும் தன் கைங்கரியம் என்று பார்த்துக்கொண்டே நின்றார். வளைந்த தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, புதுக் கூலன்ட் ஊற்றினார். வண்டியை எடுக்க வந்தவளிடம், எந்த ஊரிலும் அவளே செய்துகொள்ளும்படி எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக் காட்டினார்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

தரையைப் பார்த்தபடி ஆமாம் என்றார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

பந்தயம் முடிந்த பிறகு அவள் வந்தபோது வாசலில் அணியின் லாரி நின்றது. நீல வண்டியை அதில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.

"கடைசிவரைக்கும் சூடாகவே இல்ல," என்றாள் அவள். பார்வை டயரின் பக்கம் போய்த் திரும்பியது. "சந்தோஷம்தான். ஆனா இனிமே என்ன சாக்கு சொல்லிட்டு இங்க வர்றதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சேன்."

போகாதீங்க என்று சொல்ல அவர் வாயெடுத்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். உதிரிபாகக் கடையில் அக்கா கையில் எடுத்த நட்டைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"பின்பக்கமா தண்ணி விடுங்க," என்றார் அவர். "மறந்துடாதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு அவள் லாரியில் ஏறினாள்.