மொட்டைமாடியில் வெந்த பருப்பு

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு சின்ன மாநகராட்சிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். தலைமையாசிரியையின் அறையில், பழைய கேள்வித்தாள் கட்டுகளுக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி கிடந்தது. எப்போதோ யாரோ நன்கொடையாகக் கொடுத்த சூரிய அடுப்பு. சூரிய சக்தியைப் பற்றி வருடா வருடம் பாடம் நடத்திய நான் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

திறக்க வைத்தவர் சத்துணவு சமைக்கும் அக்கா. கடலோரத்து ஊரூர் குப்பத்திலிருந்து நடந்தே வருவார். விறகுப் புகையில் இருமி இருமி அவர் குரலே கம்மிப் போயிருந்தது. ஒருநாள் அந்த அறைக்கு ஸ்டோர் சாவி வாங்க வந்தவர் என்னிடம் கேட்டார்:

"அந்த சூட்கேஸ்ல இன்னா கீது டீச்சர்?"

வெயிலில் வைத்தால் பருப்பு வேகும் என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வெயில்லயா? அப்டின்னா எங்க குப்பத்துல காயுற கருவாடெல்லாம் எப்பவோ வெந்து போயிருக்கணுமே!"

மறுநாள் காலை இருவருமாகப் பெட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம். உள்ளே கருப்புப் பூசிய பாத்திரங்கள். அவற்றை மூட ஒரு கண்ணாடித் தகடு. மூடியின் உட்புறம், வெயிலை உள்ளே திருப்பிவிட, முகம் பார்க்கும் கண்ணாடி. கொஞ்சம் பருப்பைத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மதியம் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் பெட்டிமேல் விழுந்திருந்தது. பருப்பு அப்படியே கிடந்தது.

நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. அடுத்த நாள் சோற்றுப் பானைக்கு நடுநடுவே மாடியேறி, வெயில் நகர நகரப் பெட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். மதிய மணி அடிப்பதற்குள் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், ஓடியா!"

முந்தானையால் பிடித்துக் கண்ணாடித் தகட்டைத் தூக்கினார். குப்பென்று ஆவி. ஒரு பருப்பை எடுத்து நசுக்கினார்; மாவாகக் குழைந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தார்.

"இத்தினி நாளா இவரு சும்மாவே காஞ்சிகினு இருந்தாரா டீச்சர்?"

தீக்குச்சி உரசவில்லை, ஒரு சுள்ளி எரியவில்லை. நாங்கள் திட்டித் தீர்த்த அதே மெட்ராஸ் வெயில்.

தலைமையாசிரியையும் ஒரு வாய் பருப்பைச் சுவைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் பங்குக் கோயிலில் பாதிரியாரிடம் பேசி, இன்னும் மூன்று பெட்டிகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். சோறு விறகில்தான் வெந்தது. ஆனால் அதிக நேரம் எரிய வேண்டியிருந்தது பருப்புக்குத்தான். அது மாடிக்குப் போனதால், வெயில் உள்ள நாட்களில் பதினோரு மணிக்கே அடுப்பு அணைந்தது. புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, நாள் முழுக்க டியூப்லைட் போட்டிருந்த, சமையற்கூடத்துக்குப் பக்கத்து ஐந்தாம் வகுப்பு, அதற்குப் பிறகு ஜன்னலைத் திறந்து விளக்கை அணைத்தது. கடல் காற்று உள்ளே வந்தது.

அந்த மாதமே என் வகுப்பை மாடிக்குக் கூட்டிப் போனேன். பாத்திரம் ஏன் கருப்பு என்று ஒரு பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்:

"கருப்பு சட்ட போட்டுகினு வெயில்ல நின்னு பாரு, வெள்ள சட்ட போட்டுகினு நின்னு பாரு. எது சுடும்?"

"கருப்பு!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

நான் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன். மீதிப் பாடத்தையும் அவரே நடத்தினார்.