லிப்ட்காரர் கப்பலில் வாசித்த மெட்டு

நாடு பிடிக்கக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. பிழைப்புக்காக ஏறியவர்கள் உண்டு. மாமியாருக்குப் பயந்து ஏறியவர்களும் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். லிப்ட்காரர் கப்பல் ஏறியது, கட்டின மனைவிக்கு ஒரே ஒரு மெட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டத்தான். சட்டைப் பையில் கையளவு மவுத் ஆர்கன். மற்றபடி எல்லாரையும் போல இரண்டு பெட்டி, ஒரு தொப்பி, வாந்தி மாத்திரை.

லிப்ட்காரர் என்றதும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி யாராவது நினைத்தால் அவருக்குக் கோபம் வராது, வருத்தம் வரும். கோபமாவது சீக்கிரம் போய்விடும். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை இருக்குமே, பூட்டுப் போட்டு, அபாயம் என்று மண்டையோடு வரைந்து? அந்த மெஷின் ரூம்தான் அவருக்கு ஆபீஸ். உள்ளே ஒரு மோட்டார், கிரீஸ் டப்பா, பெட்டியைத் தாங்கும் இரும்புக் கயிறுகள், புறா எச்சம். மனிதர்கள் மட்டும் கிடையாது. கலைக்கு ஏற்ற இடம் என்று அவர் முடிவு செய்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் மோட்டார் ஓடும்போது அங்கே இடி இடித்தாலும் காதில் விழாது. மோட்டாரை நிறுத்தினால்தான் வாசிக்கலாம். மோட்டாரை நிறுத்தினால் லிப்ட் நின்றுவிடும். லிப்ட் நின்றால் ஏழாவது மாடி அம்மாள் காய்கறிப் பையோடு படியேறி வந்து, மாடிக்கு ஒரு தலைமுறை வீதம் லிப்ட்காரரின் வம்சத்தையே விசாரித்துவிடுவார். ஆகவே மெட்டின் முதல் பாதி மெஷின் ரூமில் பிறந்தது. இரண்டாம் பாதி பஸ்ஸில் போகும்போது மனசுக்குள்ளேயே பிறந்து, மனசுக்குள்ளேயே வளர்ந்து, வெளிச்சம் படாமல் கிடந்தது. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த மெட்டு அது. மனைவியை நினைத்துப் போட்டது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி உட்பட.

வீட்டில் வாசித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் அப்பா ராத்திரிக் காவல் வேலை முடித்துப் பகலில் தூங்குவார். அப்பா தூங்கி முடித்தபோது மகள் பிறந்து அவள் தூங்கினாள். பிறகு அவள் படித்தாள். அவள் படித்து முடிப்பதற்கும் மாமியார் முன்கூடத்தில் நோயாளியாக வந்து படுப்பதற்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் பார்த்து மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. இத்தனைக்கும் நடுவில் அவர் மனைவியின் தையல் மெஷின் மட்டும் நிற்காமல் ஓடியது. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். தையல் மெஷின் ஓடினால் அது வருமானம், மவுத் ஆர்கன் ஊதினால் அது சத்தம். இந்த நியாயத்தை லிப்ட்காரர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

"கொஞ்சம் பொறுங்களேன், இந்தக் கை மட்டும் வச்சு முடிச்சுட்டு வந்து கேக்குறேன்" என்பார் மனைவி. பொய் சொல்லும் பெண் இல்லை. ஆனால் ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு கை.

இப்படியிருக்க, அவருக்கு ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பினார்கள். போகும்போது மெஷின் ரூம் சாவிக்கொத்தை மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். உலகத்தில் மவுத் ஆர்கன் வாசிக்க அவருக்கு இருந்த ஒரே இடமும் போயிற்று. அந்த வாரம்தான் மாப்பிள்ளை கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து வந்து நின்றார். மாமா, அத்தை, மகளும் தானும், துணைக்கு அத்தையின் தம்பி.

தம்பி என்பவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஊரில் விசில் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். ஆயுசு முழுக்க விசில் ஊதியதற்கு அவருக்குச் சம்பளமும் பென்ஷனும் உண்டு. ஊதுவதிலும் அதிர்ஷ்டம் வேண்டும்.

பெட்டி கட்டும்போது மனைவி மவுத் ஆர்கனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது எதுக்குங்க அங்க?"

"சும்மாதான். அங்க உனக்கும் வேலை இருக்காதில்ல. ஒரு தடவை முழுசா கேக்கலாமேன்னு."

"கேக்குறேன், கேக்குறேன். அங்க என்ன தையல் மெஷினா இருக்கு?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் மனிதர் கிளம்பினார்.

துறைமுகத்தில் சோதனை. எல்லாப் பெட்டியும் ஒழுங்காகப் போய்விட, லிப்ட்காரரின் சட்டைப் பைக்கு மட்டும் எந்திரம் கூவியது. காவலர் மவுத் ஆர்கனை வெளியே எடுத்து, எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினார். "என்ன இது?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் கேட்கிறார். லிப்ட்காரர் அதை வாங்கி உதட்டில் வைத்து வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார். பின்னால் வரிசை உச்சுக் கொட்டியது. மகள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்: "அப்பா, மானத்த வாங்காதீங்கப்பா!"

"அத்தான், கப்பல் முழுகுறப்ப ஊதுறதுக்கா? அதுக்கு விசில் போதுமே, நான் தர மாட்டேனா?" என்றார் விசில்.

"போதும், போங்க" என்றார் காவலர். ஆபத்தில்லாத பொருள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது.

கப்பல் என்றால் சுற்றிலும் தண்ணீர், தண்ணீருக்கு என்ன காது இருக்கிறது, யார் வந்து கதவைத் தட்டப் போகிறார்கள் என்பது லிப்ட்காரரின் கணக்கு. கடலைப் பற்றி அவர் கணக்கு சரி. கப்பலைப் பற்றித்தான் தப்பு. அந்தக் கப்பலில் இரண்டே வகை இடம்தான் இருந்தது. ஒன்று, ஏற்கெனவே பாட்டுப் போட்டிருக்கும் இடம். மற்றது, சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருக்கும் இடம். நீச்சல் குளத்தில் பாட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டு, கழிப்பறையில்கூடக் கூரையிலிருந்து ஒருவர் காதலுக்காக உருகிக்கொண்டிருந்தார். லிப்டிலும் பாட்டு. லிப்ட்காரர் வழக்கம்போல மேலே காது கொடுத்து, மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்கப் பார்த்தார். பாட்டுச் சத்தத்தில் அது காதில் விழவில்லை. தன் தொழிலையும் மூழ்கடித்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டார்.

அறைக்குள் வாசிக்கலாமென்றால், சன்னல் இல்லாத அந்த அறையின் சுவர் அட்டை மாதிரி. பக்கத்து அறையில் ஆள் புரண்டு படுத்தால் இங்கே கட்டில் பதில் சொல்லும். இரண்டு மூச்சு ஊதியதுமே சுவரில் குத்து விழுந்தது. மனைவி எழுந்து உட்கார்ந்து, "விடுங்க, அவங்களும் காசு குடுத்துத்தானே வந்திருக்காங்க. நாளைக்கு மேல போய் வாசிப்போம், நானும் வரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். கப்பலின் பின்பக்கத் தளத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலை. நாற்காலி போட்டு, முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, கேட்கத் தயாராக உட்கார்ந்தார். வேறு பெண்ணாயிருந்தால் வந்தே இருக்க மாட்டாள். லிப்ட்காரர் உதட்டில் வைத்தார். அவர் ஊதுவதற்கு முன்னால் கடற்காற்று மவுத் ஆர்கனை ஊதியது. அவர் ஒன்று ஊத, காற்று வேறொன்று ஊத, வந்தது என்னவோ கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு ஓசை. அதையும் மனைவியின் காதுக்குப் போகவிடாமல் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று.

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் மனைவி.

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை இதைக் கேட்டார். நல்ல மனுஷர். யாருக்காவது ஒரு குறை என்றால் உடனே போனை எடுத்துவிடுவார். "மாமா, இதுக்கா கவலை? பயணிகள் கலை நிகழ்ச்சின்னு ஒண்ணு நாளைக்கு மத்தியானம் இருக்கு. உங்க பேரக் குடுத்துடுறேன். பெரிய மேடை, பெரிய மைக். அத்தை முதல் வரிசையில உக்காந்து கேக்கட்டும்."

லிப்ட்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். "வாசிங்களேன். எத்தனை நாளுக்குத்தான் நானும் பாதிப் பாதியா கேக்குறது?" என்றார் அவர்.

மறுநாள் மேடைக்குப் பின்னால் மைக்செட்காரர், உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டையும் கேட்டு அலுத்துப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "உங்க மாப்பிள்ளை ட்ராக் அனுப்பிட்டார் சார். ரெடி."

"ட்ராக்கா? எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. இது நானே போட்ட மெட்டு, தனியாத்தான் வாசிக்கணும்."

"சரி சார், பாத்துக்கலாம் சார்."

பாத்துக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் காரியத்துக்கு அங்கேயே கொள்ளி வைத்தாயிற்று என்று பொருள். லிப்ட்காரர் வயது ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மேடை ஏறினார். முகத்தில் விளக்கு. முதல் வரிசையில் மனைவி, மடியில் கைகளைச் சும்மா வைத்துக்கொண்டு. அந்தக் கைகள் சும்மா இருந்து அவர் பார்த்ததே இல்லை. மவுத் ஆர்கனை உதட்டில் வைத்ததுதான் தாமதம், நாலு பக்கத்து ஸ்பீக்கர் பெட்டியிலிருந்தும் மேளமும் கிதாரும் கிளம்பின. கூடவே ஒரு மவுத் ஆர்கன். யாரோ மகா கெட்டிக்காரன், எங்கேயோ ஒரு ஸ்டூடியோவில், ஒரு குறையும் இல்லாமல் வாசித்து வைத்தது.

லிப்ட்காரர் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். கூட்டம் அதைத் தாளம் என்று நினைத்துக் கை தட்டியது.

இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் பாதியில் நிறுத்தி நிறுத்தியே ஓய்வு பெற்ற மனிதர் அவர். இன்றைக்கும் பாதியில் விட்டால் இனி இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தன் மெட்டைத் தொடங்கினார். மெஷின் ரூமில் பிறந்த முதல் பாதியைக் கடந்தார். பஸ்ஸில் பிறந்த இரண்டாம் பாதி முதல் முறையாக மூச்சோடு வெளியே வந்தது. ஒரு இடத்திலும் தடுக்காமல், ஒருவரும் கூப்பிடாமல், கடைசி வரை வாசித்து முடித்தார். வாசித்தது அவருக்கே கேட்கவில்லை. உதட்டிலும் விரலிலும் அதிர்ந்ததை வைத்துத்தான் வாசிக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்.

அரங்கமே எழுந்து நின்றது. விசில் இரண்டு விரலை வாயில் வைத்து, தன் முழு அனுபவத்தையும் காட்டினார்.

லிப்ட்காரர் நேரே மைக்செட்காரரிடம் போனார். "தம்பி, என் சத்தம் வரவே இல்லையே?"

"உங்க மைக்க நான் தொறக்கவே இல்ல சார். அத வச்சு ஊதினா வெறும் காத்துதான் இரையும். அதான் ட்ராக்லயே மவுத் ஆர்கன் இருந்துச்சே." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத் தோளைத் தட்டினார். "கவலப்படாதீங்க சார். யாருக்கும் தெரியல."

உண்மைதான். தெரிய வேண்டுமென்றால் அவர் வாசித்து முன்னால் ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். குடும்பத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

வெளியே வந்தால் மகள் கட்டிக்கொண்டாள். "அப்பா! சாரிப்பா. நான் என்னமோ நெனச்சேன்." மாப்பிள்ளை எடுத்த வீடியோ ஏற்கெனவே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய்விட்டிருந்தது. "அத்தான், இத வச்சுக்கிட்டா லிப்டுக்குக் கிரீஸ் போட்டீங்க?" என்று விசிலே கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அது நான் வாசிச்சது இல்ல" என்றார் லிப்ட்காரர்.

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்!" என்றார் விசில்.

"நிஜமாத்தான் சொல்றேன். அது ரெக்கார்டு. என் மைக்கே வேலை செய்யல."

"மாமா எப்பவும் இப்படித்தான், தனக்குன்னு ஒரு பேரு எடுத்துக்கவே மாட்டார்" என்று மாப்பிள்ளை முடித்துவைத்தார். உண்மையைச் சொல்லி அவமானப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. சொல்லச் சொல்லப் புகழ்தான் ஏறியது.

அறைக்குத் திரும்பியதும் மனைவி கதவைச் சாத்தினார். பக்கத்து அறைக்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். கூரையில் பாட்டில்லை, காற்றில்லை. "ஏங்க, எனக்காக இன்னொரு தடவை வாசிங்க" என்று கட்டிலில் எதிரே உட்கார்ந்தார்.

இதைத்தானே கேட்டார் மனிதர்? லிப்ட்காரர் வாசித்தார். தன் மெட்டை, முதலிலிருந்து, அவசரப்படாமல். மவுத் ஆர்கனில் இரண்டு சுரம் கம்மியிருந்தது, மூச்சு முன்போல இல்லை. ஆனாலும் அவருடைய மெட்டு. மனைவி ஒரு தடவைகூட அசையாமல், ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், முழுதும் கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"சரி, சுதி பாத்தாச்சுல்ல? இப்ப அந்தப் பாட்ட வாசிங்க" என்றார்.

லிப்ட்காரர் மவுத் ஆர்கனைப் பார்த்தார். அதைத் தொடையில் தட்டி எச்சிலை உதறினார். வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"உப்புக் காத்து பட்டிருக்கும்போல. சரியா வரல."

"அடடா. போகட்டும், விடுங்க. அதான் வீடியோ இருக்கே." மனைவி போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அமுக்கினார். பிறகு நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவருக்கும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்துப் பிடித்தார். பாட்டு ஆரம்பித்தது.

லிப்ட்காரரும் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.