பிள்ளைக் கொட்டகைக்கு வந்த அணில்

குப்பாயிக்குப் பயப்படாத பிள்ளை அந்த எஸ்டேட்டில் கிடையாது. பெரியவர்களும் பயந்தார்கள். அவர்கள் அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டார்கள்.

நாகலூருக்குக் கீழே, மலைக் காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்களின் கைப்பிள்ளைகளை வைத்துக்கொள்ள எஸ்டேட் இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்தால் இடம் வந்துவிடுமா? எங்கள் சங்கம் இரண்டு நோட்டீஸ் அடித்து, ஒரு நாள் வேலையை நிறுத்திய பிறகுதான் மூட்டைகள் வெளியே போய்ப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். உர நாற்றம் மட்டும் இன்னும் இரண்டு மழைக்காலம் உள்ளேயே தங்கியது.

பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆயா வேண்டும் என்றபோது மேனேஜர் குப்பாயியைக் காட்டினார். அவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும் என்பதற்காக அல்ல. பழம் பறிக்கிற இடத்தில் அவள் மேஸ்திரி பெரியண்ணனை வாரத்துக்கு ஒருமுறை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டாள். அவளைத் தோட்டத்திலிருந்து கிளப்ப இதைவிட நல்ல வழி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் போராடி வாங்கிய வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது பெரியண்ணனின் எரிச்சல்.

குப்பாயி அரூர்ப் பக்கத்துக்காரி. பதினாறு வயதில் கட்டிக்கொடுத்து மலைக்கு ஏற்றிவிட்டார்கள். ஐந்தாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போனான். பிள்ளை இல்லை. அதை யாராவது குத்திக் காட்டினால், "பெத்தவளுக்குப் பிள்ள அழுதா கை நடுங்கும். எனக்கு நடுங்காது. அதான் நான் ஆயா" என்பாள்.

கை நடுங்காதது உண்மை. தரையில் சாக்கை விரித்து, இரண்டு காலையும் நீட்டி உட்காருவாள். பிள்ளையைக் காலின்மேல் மல்லாக்கப் படுக்க வைப்பாள். அதன் இரண்டு கையையும் இடது கையால் ஒரு பிடி. வலது கையில் மூக்கு வைத்த பித்தளைப் பாலாடை. குடித்தால் சரி. குடிக்காவிட்டால் அழும். அழுதால் வாய் திறக்கும். வாய் திறந்தால் பால் போகும். அரை மணி நேரத்தில் பதினான்கு பிள்ளைக்குப் பால் ஊற்றி முடிப்பாள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிய முறைதான் அது. குப்பாயி அதில் வேகத்தைச் சேர்த்தாள், அவ்வளவே.

பதினோரு வருஷத்தில் அவள் மடியில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. இதை அவளே எல்லோருக்கும் சொல்வாள். கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் அருக்காணி என்ற சின்னப் பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரு தகராறு. அருக்காணியின் பிள்ளை குறை மாதத்தில் பிறந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் வைத்திருந்து, உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கே இருந்த நர்ஸ் அவளுக்குப் பால் கொடுக்கும் விதத்தைக் காட்டியிருந்தாள். தலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டு விட வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு.

"ஏனுங்க ஆயா, என்ற பிள்ளைக்கு மட்டும் நிமித்தி வெச்சுக் குடுங்க" என்று அருக்காணி கேட்டாள்.

"ஒவ்வொரு சொட்டுக்கும் நானு காத்துக்கிட்டு இருந்தா, மத்த பதிமூணும் பெரிய மனுசியாயிக் கண்ணாலம் கட்டிக்கிட்டுப் போயிரும். உன்ற சேலத்து நர்ஸம்மாவ இங்க கூட்டியாந்து உட்கார வெய்யி."

அருக்காணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து அதை முதுகில் கட்டிக்கொண்டே வேலை செய்தாள். சங்கத்தில் வந்தும் சொன்னாள். நாங்கள், ஆயா நல்லவள், அனுசரித்துப் போ என்று அனுப்பிவிட்டோம். கொட்டகை எங்கள் வெற்றி. வெற்றியில் குறை பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

மழைக்கு முன்னால் காப்பிச் செடிக்கு மேலே நிற்கும் நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பார்கள். அந்த வருஷம் பெரியண்ணனின் ஆட்கள் ஒரு சில்வர் ஓக் மரத்தில் கிளையை இறக்கியபோது அணில் கூடும் சேர்ந்து இறங்கியது. தாய் கிளைக்கு அடியில் நசுங்கிப்போனது. குட்டி மூன்றில் இரண்டு அங்கேயே செத்தன. மிச்சம் ஒன்று. கண் திறக்கவில்லை. முதுகில் மூன்று கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பெரியண்ணன் அதைத் துண்டில் சுருட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். இரக்கம் கொஞ்சம், கிண்டல் மிச்சம்.

"ஆயா, அனாதப் பிள்ள ஒண்ணு சேரோணும்னு வந்திருக்குது. எடம் இருக்குதுங்களா?"

"உன்னையவே சேத்துக்கிட்டேன் இந்த எஸ்டேட்டுல. இதுக்கென்ன? கொண்டா."

"மூணு நாளு தாங்காதுங்க."

பால் கொடுக்க வந்திருந்த தாய்மார் ஏழெட்டுப் பேர் அங்கே நின்றார்கள். குப்பாயி அவர்களையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ற மடிக்கு வந்தது எதுவும் போனதில்லடா. இதுவும் போவாது."

அவ்வளவுதான். வாயை விட்டாயிற்று. இனி அந்த அணில் சாகக் கூடாது.

முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் செய்தாள். குட்டி சில்லிட்டிருந்தது. அதைத் துணியில் சுற்றித் தன் இடுப்பு மடிப்பில் வைத்துச் சூடேற்றினாள். கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய் அவர் பேனாவுக்கு மை நிரப்புகிற ஃபில்லரைப் பிடுங்கிக்கொண்டு வந்து கழுவினாள். சரியாகக் கழுவவில்லை போல, முதல் பால் லேசாக நீலமாக இருந்தது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, காலை நீட்டி உட்கார்ந்து, விரல் நீள அணிலை மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினாள். குட்டி கையை ஆட்டியது. இரண்டு கையையும் ஒரே விரலால் அமுக்கினாள். வாய் திறந்தது. பால் போனது.

மறுநாள் மத்தியானம் அதன் மூக்கில் பால் குமிழி வந்தது. மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். வயிறு உள்ளே இழுத்து இழுத்து விட்டது. பால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குப்பாயி அதை எஸ்டேட் மருந்துக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். கம்பவுண்டர் சூசைமாணிக்கம் நோட்டைப் பிரித்துவிட்டார்.

"பேருங்க?"

"பேரு வெக்கலீங்க. மொதல்ல மூச்சப் பாருங்க."

அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அணிலைவிட அந்த வட்டம் பெரிதாக இருந்தது. இருந்தாலும் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

"பால் நெஞ்சுக்குள்ள போயிருச்சுங்க. படுக்க வெச்சு ஊத்துனீங்களா?"

"பின்ன, பந்தியில உட்கார வெச்சா ஊத்துவாங்க?"

"மல்லாக்க வெச்சு ஊத்துனா வயித்துக்குப் பாதி, மூச்சுக்குப் பாதி போகுமுங்க."

"பதினோரு வருசமா பிள்ளைங்களுக்கு அப்பிடித்தான் ஊத்துறேன்."

சூசைமாணிக்கம் பிள்ளைகளின் சிரப்பில் ஒரு சொட்டை நகத்தில் வைத்து அணிலின் வாயோரம் தடவிவிட்டு, நோட்டை மூடினார். எல்லோரையும்போல அவருக்கும் அவளிடம் மரியாதை உண்டு.

குப்பாயி கொட்டகைக்குத் திரும்பினாள். மூன்று மணிப் பால் நேரம். வழக்கம்போல ஊற்றினாள். ஐந்தாவது பிள்ளை மருதாயியின் மகன். பால் முடிந்ததும் இருமினான். அது புதிதல்ல. அந்தக் கொட்டகையில் நெஞ்சுச் சளி இல்லாத பிள்ளை கிடையாது. மலைக் குளிர் என்று ஆயா சொன்னாள், தாய்மார் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். சொன்னதோடு நிற்காமல், தலைக்கு ஒரு கம்பளி கேட்டு நோட்டீஸ் போட்டு, நான்கு மாதம் இழுத்து, கம்பளியும் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகள் கம்பளிக்குள் இருமினார்கள்.

அன்றைக்குத்தான் குப்பாயி மருதாயியின் மகனைத் தூக்கி அவன் நெஞ்சில் காதை வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த அணிலை எடுத்து அதையும் காதோரம் வைத்தாள். மறுபடி பிள்ளை. மறுபடி அணில்.

மிச்சமிருந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் அவள் பால் ஊற்றவில்லை. தாய்மார் வேலை முடிந்து வரும்வரை பசியில் கொட்டகை அதிர்ந்தது. கூரை பிய்ந்துவிடும்போல அழுகை. அவள் நடுவில் உட்கார்ந்து பாலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால், அருக்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள். பதினோரு வருஷத்தில் அவள் யார் வீட்டுக்கும் ஒன்றும் கேட்டுப் போனதில்லை.

அருக்காணி முறம் எடுத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்னங்க ஆயா, ஊடு தப்பி வந்துட்டீங்களா?"

"அந்த நர்ஸு உனக்குக் காட்டுனத எனக்குக் காட்டு."

"யாருக்குங்க?"

குப்பாயி மடியைப் பிரித்தாள். அருக்காணி எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்கும். ஆனால் குட்டி மூச்சை இழுக்கிற சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். ஒன்றரை மாதம் அதைக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தவள்.

முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"கவுத்துப் பிடிங்க. வயிறு உள்ளங்கையில இருக்கோணும். தல மட்டும் தூக்குனாப்புல. அந்த ஃபில்லரக் கீழ போடுங்க."

விளக்குத் திரிப் பஞ்சைக் கிள்ளிப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டாள். குட்டி நக்கியது. குப்பாயி உடனே அடுத்ததை நீட்டினாள்.

"பொறுங்க."

"குடிக்குதே."

"முழுங்கட்டுமுங்க. தொண்டையப் பாருங்க, தொண்டைய. உங்களுக்கு எந்த பஸ்ஸுக்குப் போவோணும்?"

மூக்கில் பால் எட்டிப் பார்த்தால் தலையைக் கீழே சாய்த்துத் துடைக்கச் சொன்னாள். பத்துச் சொட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. குப்பாயி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அந்த லயனுக்கே புதிது. பக்கத்து வீட்டார் சமையலை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

கிளம்பும்போது அருக்காணி கேட்டாள். "பிள்ளைங்களுக்கும் இப்பிடியே குடுப்பீங்களா ஆயா?"

"குடுப்பேன்."

"இத்தன நாளு குடுத்தது தப்புன்னு சொல்லுவீங்களா?"

குப்பாயி அணிலை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "மொதல்ல இது பொழைக்கட்டும். பொழைச்சா சொல்றேன்."

"பொழைக்காட்டி?"

"பொழைக்காட்டி, பெரியண்ணன் சொன்னாப்புல அது சாவப் பொறந்ததுன்னு ஆயிரும். அப்புறம் என்னத்தச் சொல்றது?"

நேர்மையான பதில். அணில் செத்தால் அவளுக்கு வசதி. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து கொட்டகையில் பிள்ளைகளை நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுத்தாள். அரை மணி வேலை மூன்று மணி நேரம் ஆனது. ஆயாவுக்கு முட்டி வலி, அதனால் காலை நீட்ட முடியவில்லை என்று தாய்மார் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. வேண்டுமென்றே நாலு நாள் நொண்டிக்கூட நடந்தாள்.

அணில் மூன்று நாள் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்று கிடந்தது. ஒரு தடவை மூச்சு நின்றேபோனது. குப்பாயி அதைத் தலைகீழாகச் சாய்த்து முதுகைத் தேய்த்தாள். கெட்ட வார்த்தையில் திட்டினாள். எதற்குப் பயந்ததோ, திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் டிக் டிக் சத்தம் குறைந்தது. எட்டாம் நாள் பஞ்சை இழுத்துச் சப்பியது. பெரியண்ணன் தினமும் கொட்டகைப் பக்கம் வந்து, "பிள்ள இருக்குதுங்களா?" என்பான். தோற்கிற முகம் அவனுக்கு. ஆனாலும் ஒரு நாள் தவறாமல் வந்தான்.

பன்னிரண்டாம் நாள் அணில் கண் திறந்தது. அத்தனை நாள் தன்னைச் சுமந்தவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு அவள் ஆள்காட்டி விரலைக் கடித்தது. ரத்தம் வந்தது.

அடுத்த நாள் காலை ஆறரை. எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுத்து, அன்றைய வேலையை வாங்கிக்கொள்ளும் பெரட்டுக் களம். பனி இன்னும் விலகவில்லை. ரைட்டர் பேர் கூப்பிட்டு முடித்ததும் குப்பாயி முன்னால் வந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது.

"பிள்ள பெத்தவளுக எல்லாம் கேளுங்க. நாயித்துக்கெழமையோட ரெண்டு வாரம் ஆவப்போவுது, நான் பிள்ளைங்கள நிமித்தி வெச்சுத்தான் பால் குடுக்கறேன். எனக்கு முட்டி வலி ஒண்ணுமில்ல. பதினோரு வருசமா மல்லாக்கப் போட்டு ஊத்துனேன். பால் நெஞ்சுக்குள்ள போயிச் சளியாயிருக்குது. அது குளிரு இல்ல, நானு. தப்பு என்ற மேல. இத எனக்கு மொதல்ல சொன்னது அருக்காணி. நான் அவளத் தொரத்தி உட்டேன்."

மேனேஜர் தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் நாங்கள் நான்கு பேர் அங்கே நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தக் களத்தில் எத்தனையோ பேச்சு நடந்திருக்கிறது. எல்லாம் அடுத்தவன் செய்த தப்பைப் பற்றித்தான்.

"எவளுக்காச்சும் என்னைய நாலு வார்த்த கேக்கோணும்னா இப்பவே கேட்டுருங்க. கொட்டகையில வேல கெடக்குது."

மருதாயி மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவளையே பார்த்தாள். கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அதற்குள் பின் வரிசையிலிருந்து பெரியண்ணன் குரல் வந்தது.

"ஏனுங்க ஆயா, அணிலு எப்பிடி இருக்குதுங்க?"

"கடிக்குது" என்றாள் குப்பாயி.