பரணை விட்டு இறங்கிய சிவன்

சோலைமலை அண்ணன் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் தொட்டறியாத மனுஷன், அமெரிக்காவோடும் ரஷ்யாவோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கு நின்றார். இடையில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசை வீடுகளான லயத்தில் அவர் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் ஒரே சுவர். அவர் இருமினால் என் சம்சாரம் கொத்தமல்லி காய்ச்சுவாள். வருஷம் பூராவும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அவர், மாசி பிறந்தால் சிவபெருமான் ஆகிவிடுவார். காமன் கூத்தில் தவத்தைக் கலைக்க வந்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்க வேண்டுமல்லவா? எங்கள் தோட்டத்து வழக்கப்படி சிவன் உயரமான பரணில் உட்கார்ந்திருப்பார். பரணிலிருந்து கீழே காமன் கம்பம் வரைக்கும் ஒரு கயிறு. அவர் வாணத்தைப் பற்றவைத்தால் அது கயிற்றோடு சீறி வந்து கம்பத்தை எரிக்கும். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பொத்தென்று விழ வேண்டிய மன்மதன் நான். அந்தச் சிவன் வேஷம்தான் அவருக்கு உயிர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணி என்ன ஏசினாலும், மாசி வரட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் வாணம் கயிற்றை விட்டுப் பறந்துபோய்ப் பக்கத்து லயத்து மீனம்மாவின் மாட்டுப்பட்டியில் விழுந்தது. மாடு தப்பியது, புல் கூரை தப்பவில்லை. மீனம்மா வாய் இருக்கிறதே, அப்பப்பா! பரமசிவன் அவ்வளவு ஏச்சு வாங்கி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அண்ணன் புல் அறுத்துவந்து கூரை வேய்ந்து கொடுத்தார். வேய்ந்தாரே தவிர, மனசு ஆறவில்லை.

அடுத்த தை மாதம் அக்கரப்பத்தனைக் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனவர், ரேடியோவில் ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு வந்தார். பெரிய நாடுகள் அணுகுண்டை வானத்தில் ஏற்றி, பூமியைச் சுற்றவிடக்கூடும் என்று உலகம் பயப்படுகிறதாம். அன்றைக்குப் பிடித்தது சனி. நேரே தொழிற்சங்கத் தலைவர் சிவசாமியிடம் போய், வானத்தில் குண்டு வைக்கக் கூடாது என்று எங்கள் தோட்டத்தில் தீர்மானம் போட வேண்டும் என்றார்.

தலைவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் என் சட்டையில் தெறித்தது. அரிசிக்குப் போட்ட தீர்மானமே துரையின் மேசையைத் தாண்டவில்லை, வானத்துக்கு எந்தத் துரையிடம் போவது என்று கேட்டார். பிரஜாவுரிமையே இல்லாத நாம் சொல்லி அமெரிக்காக்காரன் கேட்பானா என்றும் கேட்டார்.

“பிரஜாவுரிமைதான் இல்லீங்க தலைவரே. தலை இருக்குல்ல? விழுந்தா அதுமேலதானே விழும்” என்றார் அண்ணன்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. ஊருக்கு மட்டும் உபதேசம் சொல்லக் கூடாதாம். அதனால் தானும் இனிப் பரணில் ஏறப் போவதில்லை, மேலே உட்கார்ந்து நெருப்பு விடப் போவதில்லை, சிவன் இறங்கி வந்து எதிரில் நின்று கையாலேயே எரிப்பார் என்று அறிவித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாணமாவது கயிற்றில் வரும். இவர் தீப்பந்தத்தோடு பக்கத்தில் வந்தால் என் மீசைக்கு யார் ஜவாப்தாரி?

தீர்மானம் போடாவிட்டாலும், சிவன் கீழே இறங்குவதற்குத் தலைவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் கம்பம் எரியாவிட்டால் தோட்டத்துக்கே ஆகாது. எரிக்காமல் விட்டால் இனி ஆயுசுக்கும் சிவன் வேஷம் கிடையாது என்று கறாராகச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார்.

கூத்து நடந்து விடியப்போகிற நேரம். மாசிப் பனியில் தப்புப் பறை அடிக்கிறவனுக்கே விரல் விறைத்துப் போயிருந்தது. ரதி வேஷம் போட்ட அழகுமுத்து, புருஷனை விட்டுவிடும்படி சிவன் காலில் விழுந்து அழுதுகொண்டிருந்தான். அண்ணன் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். இத்தனை வருஷமாகப் பரணிலிருந்து என் கிரீடத்தைத்தான் பார்த்திருக்கிறார். இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

“ஏன்டா மாயாண்டி, குளிருதா?” என்றார் மெதுவாக.

எரிக்க வந்த ஆள் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பல் கிட்டியது. “எரிச்சுத் தொலைங்கண்ணே, வேஷம் போயிரும்” என்றேன்.

“மூஞ்சியப் பாத்துட்டேன்டா. கை வரமாட்டேங்குது.”

பந்தம் தாழ்ந்தது. தப்பு நின்றது. சனம் குசுகுசுக்க ஆரம்பிக்கவே, தலைவர் ஓடிவந்து பந்தத்தைப் பிடுங்கிக் கம்பத்தில் வைத்தார். கம்பம் எரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற நான் விழவேண்டியதை மறந்துபோய், அழகுமுத்து தள்ளிவிட்ட பிறகுதான் விழுந்தேன்.

வேஷம் போய்விட்டது. சடைமுடியைக் கழற்றித் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்தவர், ராத்திரி சாப்பிடவில்லை என்று பூரணி அண்ணி வந்து சொன்னாள். நான் கண்ணையாவது மூடிக்கொண்டு நின்றிருக்கலாம், மடையன்.

ஐப்பசி மழையில் அந்தச் செய்தி வந்தது. வானத்தில் அணுகுண்டு வைக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையே தீர்மானம் போட்டுவிட்டதாம். தானே போட்ட தீர்மானம் மாதிரி பத்திரிகையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு தலைவர் லயத்துக்கு வந்தார். “நீ சொன்னதத்தான்யா ஒலகமே சொல்லுது. வேஷம் ஒனக்குத்தான்” என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவர் கேட்டார்: “அப்ப குண்டையெல்லாம் கடல்ல போட்டுட்டாங்களாங்க?”

“இல்லய்யா. மேல வைக்க மாட்டாங்க. கீழதான் இருக்கு.”

“வேஷத்த வாங்கிக்கிறேங்க தலைவரே. பந்தம் ஒங்க கையிலயே இருக்கட்டும்” என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து எங்கள் சிவன் வெறுங்கையோடுதான் வருகிறார். கம்பத்துக்குத் தலைவர்தான் நெருப்பு வைக்கிறார், என் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு.