கற்பூரம் இல்லாத சத்தியம்

என் தம்பி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். அன்று பகலிலேயே குடித்திருந்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறியைப் பின்னால் எடுத்தபோது, அங்கே தராசடியில் நின்ற பெரியவரின் கால் மீது ஏற்றிவிட்டான். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. பக்கத்தில் நின்று பார்த்தவள் ஒருத்திதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்று காம்பரா தள்ளியிருந்தவள், என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். அன்றே பொலிசில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாள்.

நான் தோட்டத் தலைவர். தோட்டத்தை நடத்தும் தொரையிடம் தங்களுக்காகப் பேசுவான் என்று சனங்கள் தேர்ந்தெடுத்த ஆள். அந்த வாயைத்தான் அவளிடம் கொண்டுபோனேன்.

"பெரியவரு தானா வழுக்கி விழுந்தாருன்னு கோட்டுல சொல்லிரு தங்கச்சி."

"அங்க சத்தியம் வாங்குவாங்களே அண்ணே?"

எங்கள் தோட்டத்தில் சத்தியம் என்றால் முனியாண்டி கோயிலில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் செய்வது. கோழி காணாமல் போனாலும் சரி, பங்காளிச் சண்டை என்றாலும் சரி, அதற்குமேல் பேச்சில்லை.

"கோட்டுல கற்பூரமா ஏத்துறாங்க? சும்மா வாயால சொல்றது. அதெல்லாம் சத்தியத்துல சேராது" என்றேன்.

பொய்ச்சாட்சி குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்பதும் தெரியும். அதோடு விட்டேனா? கோயிலுக்கு அழைத்துப்போய், என் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்! இதில் கால்வாசிப் புத்தியைத் தம்பியின் குடியை நிறுத்துவதில் காட்டியிருக்கலாம்.

நீதிமன்றத்தில் நான் சொல்லிக்கொடுத்ததை வரி பிசகாமல் சொன்னாள். நீதவான் அவளுடைய பொலிஸ் வாக்குமூலத்தை வாசிக்கச் சொன்னார். இரண்டில் எது பொய் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"இப்ப சொன்னதுதாங்க பொய்."

யார் சொல்லிக்கொடுத்தது, பயப்படாமல் சொன்னால் தண்டனை குறையும் என்று நீதவான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.

"யாரும் சொல்லித் தரலைங்க. நானாத்தான் சொன்னேன்."

நான் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்க எனக்கு இரண்டு காலும் இருந்தன. எழவில்லை.

அவளை மூன்று மாதம் மறியலில் அடைத்தார்கள். தம்பியும் தப்பவில்லை. பொய் சொல்ல வைத்தவனுக்கும் தண்டனை உண்டு, வாயைத் திறந்துவிடாதே என்று வழக்கறிஞர் வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். அவர் சொல்லித்தான் சும்மா இருந்தேன் என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

அவள் திரும்பி வந்தபோது லயத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. லொறிக்காரனுக்காக இவள் ஏன் மறியலுக்குப் போனாள்? இரண்டு பேருக்கும் என்ன? அவள் புருஷனும் அதையே கேட்டார். ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் என்னை மறித்தாள்.

"அண்ணே, சத்தியத்த திருப்பி எடுத்துக்கங்க. வாங்குனவங்களே வந்து கற்பூரம் ஏத்துனா சாமி விட்டுரும். எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."

"வெள்ளிக்கிழம போவோம்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை ராகலையில் கூட்டம் என்று பஸ் ஏறினேன். கூட்டமெல்லாம் ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளியும் ஒரு சாக்கு.

கடைசியில் புருஷன் பஞ்சாயத்துக்கு என்னிடமே வந்தார். குடும்பச் சண்டையைத் தீர்ப்பது தலைவர் வேலையாயிற்றே! அவளையும் கூட்டிவந்திருந்தார்.

"நீங்களே கேளுங்க தலைவரே. ஒங்க தம்பின்னு பாக்காம கேளுங்க. எதுக்குப் பொய் சொன்னான்னு இவளச் சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டா நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சக்கூட இல்லை, காத்திருந்தாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கொஞ்ச நாள் பிரிஞ்சி இருங்க, எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

மறுநாள் அவர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வட்டகொடைக்குத் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். சின்னது போகமாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது. விரல் விரலாகப் பிரித்துவிட்டவள் அவள்தான்.