நானூற்று எண்பத்தாறுக்கு ஒரு புத்தகம்

சாந்தாமேரி அதிகம் பேசமாட்டாள். வெள்ளக்கடைப் பள்ளியில் ஐந்தாவது வரை தமிழில் படித்தவளை ஏற்காட்டுக் கான்வென்ட்டில் சேர்த்தபோது எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. அந்த முதல் வருடம் மூடிய வாயை அவள் பிறகு தேவைக்குமட்டுமே திறந்தாள். இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதுவாள், வேகமாக டைப் அடிப்பாள். இரண்டு மொழியிலும் சும்மா இருப்பாள்.

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேவசிகாமணி நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவளுக்கு வேலை. தொண்ணூற்றாறாம் வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சேலத்திலிருந்து ஜீப்பில், கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியபோது தேவசிகாமணி பதறிப்போய், "ஃபாதர், அதும் மேல மட்டும் வேண்டாங்க, செவுத்துல தெளிச்சுடுங்க" என்றார். மலை ஈரம் ஏறாதிருக்க மேசைக்கடியில் ஒரு பல்பு எந்நேரமும் எரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும்.

கொண்டுவந்த ஆள் அதில் படம் வரைவதற்கான கோரல் டிரா என்று ஒன்றைத் திறந்தான். திரையில் ஒரு பலூன் வந்தது. ஒரு வட்டம் போட்டான், அதற்குச் சிவப்பு அடித்தான், டீ குடித்தான், போய்விட்டான். அன்றிலிருந்து சாந்தாமேரிக்கும் வட்டம் போடத் தெரியும், சிவப்பு அடிக்கத் தெரியும்.

மே மாதக் கோடை விழாவுக்கு முன்பு லாசர் வந்தார். செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர். விழாவில் காப்பித்தூள் கடை போடுகிறார்கள், பொட்டலத்துக்கு லேபிள் வேண்டும். மாதிரிக்கு ஒரு பிஸ்கட் டின்னின் மூடியைக் கொண்டுவந்திருந்தார்.

"இந்த மாதிரி எழுத்து வட்டமா சுத்தி வரோணுங்க. மேல தமிழு, கீழ இங்கிலீசு, நடுவுல ஒரு காப்பிக் கொட்டை."

"வட்டம் நீ போடுவீல்ல கண்ணு?" என்று தேவசிகாமணி கேட்டார்.

"போடுவேனுங்க சார்."

"எழுத்து?"

சாந்தாமேரி மூடியையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் இடமிருந்து வலமாக நேரே போய், மணி அடித்ததும் அடுத்த வரிக்கு இறங்குபவை.

லாசர் போனபிறகு தேவசிகாமணி சொன்னார்: "சேலத்துல எம் மச்சான் பையன் தங்கராஜ் இதப் படிச்சுட்டு சும்மாதான் சுத்தறான். ஆனா அவனுக்கு முன்னால உனக்கு ஒரு வாய்ப்பு. கீழ போயி இதுக்கு ஒரு புஸ்தகம் வாங்கிட்டு வா. ஒண்ணே ஒண்ணு, பாத்து வாங்கு. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள எழுத்து வளைஞ்சா அந்தச் சேரு உன்னுது. இல்லீன்னா அவன வரச் சொல்லோணும். நீ எப்பவும்போல டைப்பு சொல்லிக் குடு சாமி, அதுக்கென்ன."

அந்த வருடம் டைப் படிக்க வந்தவர்கள் மிகக் குறைவு. பாதி மெஷின்களுக்கு உறை போட்டபடியே இருந்தது. எப்பவும்போல என்பது இன்னும் எத்தனை நாளைக்கு என்று சாந்தாமேரிக்கும் தெரியும்.

மறுநாள் சேலத்துப் புத்தகக் கடையில் அவள் முன்பு பலூன் படம் போட்ட புத்தகங்களைக் கடைக்காரர் அடுக்கினார். அத்தனையும் கோரல் டிராதான், சிலது தமிழில், சிலது ஆங்கிலத்தில்.

"எந்த நம்பருங்கம்மா? மூணா, நாலா, அஞ்சா?"

நம்பர் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. கடைக்காரர் வேறு இரண்டு பேருக்கு நோட்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டதும் தேவசிகாமணி கிடைத்தார். அவர் குரலுக்குப் பின்னால் மழை கேட்டது.

"நம்பரா? இரு, இரு, பாத்துச் சொல்றேன்." ரிசீவரை வைத்துவிட்டுப் போனவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "பொட்டி மேலயே போட்டிருக்குது கண்ணு. நானூத்தி எம்பத்தாறு."

சாந்தாமேரி அதை அப்படியே வந்து சொன்னாள். கடைக்காரர் சிரிக்கவில்லை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அது பொட்டியோட நம்பருங்க. கோரலுக்கு நானூத்தி எம்பத்தாறு வரணும்னா நம்ம பேரனுங்க காலம் ஆயிரும். உள்ள தொறந்தா பலூனுக்குப் பக்கத்துல இருக்குமே, அது வேணும்."

மறுபடி பூத்துக்குப் போனாள். "சார், அத ஆன் பண்ணி உள்ள பாக்கணுமுங்க."

"கரண்டு இல்ல சாமி. இருந்தாலும் நான் தொடமாட்டேன், இடி இடிக்குது. நீ படிச்ச புள்ள, நீயே பாத்து ஒண்ணு எடுத்துட்டு வா."

அவள் திரும்பி வந்து கடைக்காரர் காட்டிய ஸ்டூலில் உட்கார்ந்தாள். நம்பரை விட்டுவிட்டு, எழுத்தை வளைக்கும் பக்கத்தைமட்டும் ஒவ்வொன்றிலும் தேடினாள். தமிழ்ப் புத்தகத்தில் அது ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. முதலில் வட்டத்தைத் தொடு, பிறகு உரையைத் தொடு, பிறகு உரையைப் பாதையில் பொருத்து. வரிசை தெளிவாக இருந்தது. ஆனால் உரை என்றதும் அவளுக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த பொழிப்புரைதான் நினைவுக்கு வந்தது. திரையில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். அதில் எந்தச் சொல் இந்த உரை, எது பாதை என்று புத்தகம் சொல்லவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் சொற்களெல்லாம் திரையில் இருந்தவைதான். ஆனால் எதை முதலில் செய்வது என்று சொல்வதற்குள் நிறத்தைப் பற்றியும் அமெரிக்காவில் யாரோ வைத்திருக்கும் ரொட்டிக்கடை போர்டைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் போயிற்று. தமிழைப் படித்தால் ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆங்கிலத்தைப் படித்தால் தமிழ். இரண்டையும் அருகருகே விரித்துவைத்தால் ஏதோ கொஞ்சம் புரிவதுபோல இருந்தது. ஒன்றை மூடியதும் மற்றதும் மங்கியது.

ஒண்ணே ஒண்ணு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சாந்தாமேரி தமிழ்ப் பக்கத்தை எதிரே வைத்து, மேசை விளிம்பில் விரல்களை ஊன்றி, அதை டைப் அடிக்கத் தொடங்கினாள். ஒருமுறை அடித்த பக்கம் அவள் விரலை விட்டுப் போகாது. பாடம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளெல்லாம் அவளுக்கு அப்படித்தான் மனப்பாடம்.

"என்னங்கம்மா, மேசையத் தட்டறீங்க?"

"பாக்கறேனுங்க."

பக்கம் முடிந்ததும் தமிழ்ப் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அட்டையில் ஐந்து என்று போட்டிருந்தது. மூன்றும் நாலும் அடுக்கிலேயே இருந்தன. பஸ்ஸில் மலை ஏறும்போது, தவறானதை வாங்கிவிட்டோம் என்று ஒரு வளைவிலும், இல்லை சரிதான் என்று அடுத்த வளைவிலும் தோன்றியது.

தவறானதுதான். திரையில் பலூனுக்குப் பக்கத்தில் மூன்று என்று இருந்தது. புத்தகம் வலப்பக்கம் பார் என்ற இடத்தில் வலப்பக்கம் ஒன்றுமில்லை. சாந்தாமேரி புத்தகத்திலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டாள், விரல்களிலிருந்து வரிசையை. திரையின் மேல்வரிசையில் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து அந்தச் சொற்களைத் தேடினாள். புதன்கிழமை எழுத்தெல்லாம் வட்டத்துக்குள் விழுந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தது. வியாழக்கிழமை எழுத்தே காணாமல் போயிற்று. தேவசிகாமணி வாசலில் வெறுங்காலோடு நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். தங்கராஜுக்குப் போன் போடத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை லாசர் வந்தபோது மேலே தமிழ் அழகாக வளைந்து நின்றது.

"அட, வந்துருச்சுங்களே" என்றவர் குனிந்து பார்த்தார். "ஆனா இங்கிலீசு வவ்வாலாட்டம் தொங்குதுங்க."

கீழ்ப்பாதி எழுத்துகள் தலைகீழாக இருந்தன. சாந்தாமேரி ஒன்றை அழுத்தினாள், மோசமானது. இன்னொன்றை அழுத்தினாள். எழுத்துகள் ஒருமுறை துள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தன.

தேவசிகாமணி கிட்டே வந்து திரையைப் பார்த்தார். "தங்கராஜ வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். "எப்புடிப் பண்ணின கண்ணு?"

"தெரியலீங்க சார்."

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "கேட்டீங்களா ரைட்டரே, நம்ம புள்ள எப்பவும் இப்புடித்தான்."

"அப்ப மொளகுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்ருங்க" என்றார் லாசர். "நொம்ப நேரம் ஆகாதுங்களே? நான் இருந்தே வாங்கிட்டுப் போறேன்." அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சாந்தாமேரி புதுப் பக்கம் திறந்தாள். மிளகு என்று அடித்தாள், வட்டத்தைத் தொட்டாள், எழுத்தைத் தொட்டாள், சற்றுமுன் அழுத்தியதாக நினைத்ததை அழுத்தினாள். மிளகு பக்கத்தைத் தாண்டி எங்கேயோ வெளியே போய்விட்டது. அவள் தன் சேரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அதைத் தேடத் தொடங்கினாள்.