முதல் பக்கத்து மனிதர்

என் அண்ணன் வீட்டைவிட்டுப் போன அன்று காலை நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது, "எங்கயாவது போயித் தொலையேன்" என்பதுதான். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தான். தொட்டித் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. அந்தக் கோபத்தில் சொன்னேன். அவன் குழாயை மூடினான். விபூதி பூசிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பத்து மணிவாக்கில் இறங்கிப் போனதை அடுக்ககத்துக் காவலாளி மட்டும் பார்த்திருக்கிறார்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். இருபத்து மூன்று வயதில் மனநோய் வந்தது. வேலை நிலைக்கவில்லை, கல்யாணம் நடக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு திருநெல்வேலியிலிருந்து அவனை அழைத்துவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே குவார்ட்டர்ஸில் பதினாறு வருடம் இருந்தோம். நான் ஓய்வு பெற்றதும் செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரி ஃபிளாட்டுக்கு வந்தோம். அது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, நம்ம வீட்டுக்கு எப்பம் போவோம்?" என்று தினமும் கேட்பான். இதுதான் நம்ம வீடு என்று தினமும் சொல்வேன்.

போலீஸில் புகார் கொடுத்தோம். நானும் என் கணவரும் ரயில் நிலையங்கள், கோயில் வாசல்கள், ஆஸ்பத்திரிகள் என்று அலைந்தோம். மார்ச்சுவரிக்கு அவர் மட்டும் போனார், என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். ஒன்பதாம் நாள் காஞ்சன்பாக்கிலிருந்து பழைய சக ஊழியர் ஒருவர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க அண்ணன் போட்டோவ போன்ல வச்சுக்கிட்டு ஒரு வயசானவர் காலையிலேருந்து கேட்ல நிக்கிறாரு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டிருக்காரு."

அந்த வயதானவர் பட்டான்செருவுக்கு அப்பால், வீடில்லாதவர்களுக்காகக் கிறிஸ்தவ ஊழியம் நடத்துகிறவர். நெடுஞ்சாலை ஓரத்தில் காலெல்லாம் கொப்புளமாகக் கிடந்த அண்ணனை அவர்தான் தூக்கிப்போயிருக்கிறார். அண்ணன் வாயிலிருந்து வந்தது காஞ்சன்பாக் என்ற பெயரும் பழைய குவார்ட்டர்ஸ் நம்பரும்தான். அதை வைத்துக்கொண்டு நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். உள்ளே விடவில்லை. அதனால் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அன்றே போனோம். ஒரு காலத்தில் பட்டறையாக இருந்த நீளமான ஷெட். நெருக்கமாகக் கட்டில்கள். சுவரில் சிலுவை, தெலுங்கில் வேத வசனம். ஒரு மூலையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். முடி வெட்டி, முகம் மழித்து, யாருடையதோ கட்டம்போட்ட சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். காலில் கட்டு. முன்னால் விரித்த பேப்பரில் புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். நான் பார்த்தது என்னவோ சிலுவையைத்தான். என் கணவரிடம் தமிழில், "இவன ஒண்ணும் மதம் மாத்திரலையே?" என்று கேட்டேன்.

"மாத்தினது சட்டை மட்டும்தாம்மா" என்று பின்னாலிருந்து தமிழிலேயே பதில் வந்தது.

அந்த வயதானவரின் மனைவி. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் ரயில்வே குடும்பம். அவரை எல்லாரும் அம்மகாரு என்றார்கள், கணவரை ஐயகாரு. கையில் நகவெட்டியோடு நின்றிருந்தார். "நெத்தியப் பாருங்கம்மா" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அண்ணனின் நெற்றியில் விபூதி இருந்தது.

"வந்த அன்னிக்கு சோத்தத் தொடல. நெத்தியத் தடவித் தடவி அழுதாரு. எதுக்கு அழுறீங்கன்னு கேட்டேன். விபூதி வேணும்னாரு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கோயில்ல நானே போயி வாங்கியாந்தேன். எங்க சபைப் பெரியவர் ஒருத்தர் அதப் பாத்துட்டு அன்னிலேருந்து இந்தப் பக்கம் வரல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு வாரம் அமைதியாக இருந்தான். பிறகு, "ஏட்டி, அங்க கீரை ஆயணும். ஆளு கெடையாது" என்று ஆரம்பித்தான். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, டிவி, இவ்வளவுதான் நான் அவனுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வேலை கொடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை. அவன் சந்தோஷம் அங்கேதான் என்றால் அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்து அம்மகாருவுக்குப் போன் செய்தேன். என் பாரம் குறையும் என்ற நினைப்பும் அதில் இருந்தது.

"நக்கோம்மா" என்று உடனே மறுத்துவிட்டார். "வீடு இருக்கறவங்களுக்கு இங்க எடம் கெடையாது. எடம் இல்லாதவங்க ரோட்டுல கெடக்காங்க. பகல்ல வேணா கூட்டிட்டு வாங்க. கீரை நெறைய இருக்கு."

அப்படித்தான் செவ்வாயும் வெள்ளியும் ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலுமாக அண்ணனோடு போகத் தொடங்கினேன். அவன் கீரை ஆய்வான். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்று அறிந்ததும் ஐயகாரு ஒருநாள் கேட்டார். ஊழியத்தின் சரித்திரத்தைச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டுமென்று சபையில் ஆசைப்படுகிறார்களாம். நான் எழுதித் தர முடியுமா?

"நான் கிறிஸ்தவள் இல்லையே" என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன். எங்கள் ஆட்கள் நான் சொல்வதற்கெல்லாம் ஆமென் சொல்லி எழுதிவிடுவார்கள். நீங்கள் கேள்வி கேட்பீர்கள்" என்றார். அவர் பேசியதெல்லாம் தெலுங்கு. இங்கே எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்; புத்தகம் தெலுங்கில்தான்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். அவர் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். பைபிள் கல்லூரிப் பக்கமே போனதில்லை. வேலை முடிந்து காலையில் வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்தார். காலில் புண், அதில் ஈ. முதல் நாள் பக்கத்தில் ஒரு பன் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அந்த பன் அப்படியே எறும்பு மொய்த்துக் கிடந்தது. மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தார். "நடந்துகொண்டே அவருக்காக ஜெபித்தேன்" என்றார். நான்காம் நாள் அந்த இடம் கழுவி விட்டிருந்தது. முனிசிபாலிட்டி வண்டி வந்து உடலை எடுத்துப் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். பெயரும் ஊரும் யாருக்கும் தெரியவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது அம்மகாரு சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இன்னொருத்தரப் பாத்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வருவீங்களா?" என்று கேட்டாராம். மூன்று வாரத்தில் ஒருவரை அழைத்துவந்தார். இருந்தது ஒரே அறை. அம்மகாரு குளிப்பாட்டினார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். நான்கு வீடு மாறினார்கள். கடைசியில், மூடிக்கிடந்த பட்டறையின் சொந்தக்காரர், தன் தம்பியை அவர்கள் ரோட்டிலிருந்து மீட்டதற்காக, இந்த ஷெட்டைக் கொடுத்தார்.

கேட்டுக்கொண்டிருந்த நான், அண்ணனிடம் அன்று காலை சொன்ன வார்த்தையை அவரிடம் சொன்னேன். என் கணவரிடம்கூடச் சொல்லாதது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நீங்கள் ஒன்பது நாள் தேடினீர்கள். நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன்" என்றார்.

பஸ் ஸ்டாப் மனிதரையே முதல் பக்கத்தில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்க்க வந்த சபைப் பெரியவர்கள் மூன்று பேருக்கும் அது பிடிக்கவில்லை. "சாட்சி என்றால் ஜெயத்தில் தொடங்க வேண்டும். ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த தரிசனத்தை முதலில் போடுங்கள்" என்றார் ஒருவர்.

ஐயகாரு குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். "எனக்கு எந்தத் தரிசனமும் வரவில்லை. நாற்றம்தான் வந்தது. நான் விலகிப் போனேன்."

உள்ளே ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மகாரு ஈரக் கையோடு வந்து, "அந்த ஆள எடுத்தா எங்க ரெண்டு பேரையும் எடுத்துருங்க" என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். புத்தகம் நான் எழுதியபடியே வந்தது. தரிசனத்தைப் போடச் சொன்ன பெரியவர் வெளியீட்டுக்கு வரவில்லை.

சில மாதம் கழித்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜஹீராபாத் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் சிறுமியாக இருந்தபோது, காலில் ஆறாத புண்ணோடு வைத்தியத்துக்கென்று கிளம்பிய அப்பா திரும்பவே இல்லையாம். ஒரு பழைய கல்யாண போட்டோவைக் காட்டி, "இவரா?" என்று கேட்டார்.

ஐயகாரு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரியவில்லையம்மா. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைத்தான் பார்த்தேன்" என்றார்.

அந்தப் பெண் அழுதார். கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பாட்டு நேரம் என்று பார்த்ததும் பரிமாறும் வாளியை வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் குனிந்து, முகத்தைப் பார்த்து, பருப்பு ஊற்றினார். அண்ணன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டான். மாலையில் ஐயகாரு அந்தப் பெண்ணோடு பஸ் ஏறி அவர் ஊர் வரைக்கும் போய் விட்டுவிட்டு வந்தார்.